அந்தப் பக்கத்து முடிச்சு

வேலியில் ஒரு முடிச்சு அந்தப் பக்கம் விழுந்திருந்தது.

சோமசேகரம் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு, சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்தபடி நிமிர்ந்தபோதுதான் அதைக் கண்டான். வீட்டின் பின்புறம், கோடிப்பக்க வேலியின் நடு வரிச்சில் முடிச்சுகள் ஒழுங்காக ஓடிவந்து, ஓரிடத்தில் பல் விழுந்த வாய்போல வெறுமையாக இருந்தது. கயிறு அங்கே இருந்தது. இறுக்கமாகவும் இருந்தது. முடிச்சைத்தான் காணவில்லை. கிடுகின் ஓர் ஈர்க்கை விரலால் விலக்கி அப்பால் பார்த்தான். முடிச்சு அங்கே, பக்கத்துக் காணித் தியாகராசாவின் வாழைத்தோட்டத்தைப் பார்த்தபடி, சின்னதாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

வேலி அடைத்துப் பழகாதவருக்கு இதில் பயப்பட எதுவும் இல்லை. பழகியவருக்கு உண்டு. கிடுகு வேலியை ஒருவர் தனியே அடைக்க முடியாது. கதியால் கம்புகளை நட்டு, அவற்றின் குறுக்கே பனை மட்டையில் கிழித்த வரிச்சுகளைக் கட்டி, பின்னிய தென்னோலைக் கிடுகுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அணைத்த பிறகு, இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நிற்க வேண்டும். இந்தப் பக்கத்தவர் நீண்ட குத்தூசியின் கண்ணில் கயிற்றைக் கோர்த்து ஓலைக்குள் குத்திவிடுவார். அந்தப் பக்கத்தவர் அதை இழுத்து, வரிச்சைச் சுற்றி எடுத்து, சற்றுத் தள்ளித் திரும்பக் குத்துவார். ஊசி திரும்பி வந்ததும் இந்தப் பக்கத்தவர் முழங்காலை வேலியில் ஊன்றி, கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவார். ஓலை அடர்த்தி என்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. “விட்டன்”, “எடுத்தன்” என்ற குரல் மட்டுந்தான். முடிச்சு எப்போதும் கட்டி முடித்தவரின் பக்கத்தில் விழும்.

இது சோமசேகரத்தின் வேலி. போன தை மாதம் அவனே வீட்டுப் பக்கம் நின்று முடிச்சுப் போட்டு அடைத்தது. அதில் ஒன்று அந்தப் பக்கம் இருக்கிறதென்றால், யாரோ அதை அவிழ்த்து, ஓலையை விலக்கி, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வேலியில் இடைவெளியாகப் பொட்டு எடுத்து உள்ளே வந்திருக்கிறார்கள். பிறகு போகும்போது அந்தப் பக்கம் நின்று கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

போகும்போது.

அந்தச் சொல் அவன் நெஞ்சில் ஒரு முள்ளைப் போல இறங்கி நின்றது.

குசினியில் அவன் மனைவி இராசமலர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கொழும்புக்கு லொறியில் வாழைக்குலை ஏற்றிப்போய் வந்த இத்தனை வருடத்தில் அவளை ஒருநாளும் சந்தேகமாகப் பார்த்ததில்லை. இப்போது அவளுடைய ஈரத் தலைமுடி கண்ணில் பட்டது. காலையிலேயே ஏன் தலை முழுகினாள்?

“இஞ்சேர், கோடிப்பக்க வேலியை ஆர் அவிட்டது?”

“ஆர் அவிழ்க்கிறது? காத்துக்கு இளகியிருக்கும்.”

“காத்து முடிச்சுப் போடுமோ?”

அவள் திருவலையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். “வேலியை விட்டிட்டு உங்கடை முகத்தைக் கண்ணாடியிலை பாருங்கோ. கன்னம் ரெண்டும் உள்ளுக்குப் போட்டுது. நித்திரை கொண்டு எத்தினை நாளாச்சுது, சொல்லுங்கோ பாப்பம்?”

அது அவனுக்கே தெரியாது.

நித்திரை வராமலிருக்க அவன் போடும் குளிசை மாத்திரையை முதலில் கொடுத்தவன் இன்னாசித்தம்பி. கப்பலில் வேலை செய்து திரும்பியவன். பல்பொடித் தகரப் பேணி ஒன்றுக்குள் செங்கல் நிறத்தில் சின்னக் குளிசைகள். “சயாமிலை லொறிக்காரர் உதைப் போட்டிட்டுத்தான் ஓடுறவங்கள். ஒண்டு போடு மச்சான், கொழும்பு மட்டும் கண் இமை மூடாது,” என்றான். உண்மைதான். ஆனையிறவில் சோதனைக்காக மணிக்கணக்காக வரிசையில் நின்றுவிட்டு, முறிகண்டிக் காட்டுக்குள் இருட்டில் ஓடுகிறபோது, முன்பெல்லாம் ஸ்ரேறிங்கில் தலை சாயும். குளிசை போட்ட முதல் நாள் வீதியின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியே தெரிந்தது. பசி இல்லை. அலுப்பு இல்லை. தானே அந்த லொறியின் இயந்திரம் என்பதுபோல ஒரு சந்தோசம்.

ஆனால் அந்தக் குளிசை நித்திரையைத் தீர்ப்பதில்லை. லொறியில் டீசல் எவ்வளவு இருக்கிறதென்று காட்டும் முள்ளை ஒருவன் விரலால் பிடித்து மேலே வைத்துக்கொண்டால் தாங்கி நிரம்பிவிடாது. முள் மட்டும் நிரம்பியதாகக் காட்டும். தாங்கி உள்ளே வற்றிக்கொண்டே போகும். அப்படித்தான் உடம்பும். களைப்பு அங்கேயே இருக்கிறது. அதைச் சொல்லும் முள்ளைத்தான் குளிசை பிடித்துக்கொள்கிறது. பிடி விட்டதும் எல்லாக் களைப்பும் ஒரேயடியாக விழும். அதைத் தாங்க முடியாமல் இன்னொன்று. முதலில் பயணத்துக்கு ஒன்று. பிறகு திரும்பி வரவும் ஒன்று. பிறகு பயணம் இல்லாத நாளிலும்.

ஒருநாள் மாங்குளத்துக்கு அப்பால், இல்லாத ஒரு மாட்டு வண்டிலுக்காக அவன் பிரேக் அடித்து, லொறி பக்கப்பாடாகச் சரிந்தது. முதலாளி லொறித் திறப்பை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு நிறுத்தினார். அன்றிலிருந்து அவன் வீட்டில் இருக்கிறான். பேணியும் வீட்டில் இருக்கிறது.

இப்போது வாய் எந்நேரமும் உலர்ந்து கிடந்தது. தாடை தானாக இறுகி, பல்லோடு பல் அரைபட்டது. ஒருநாள் கஞ்சி குடிக்கும்போது கடைவாய்ப் பல்லின் ஒரு துண்டு கஞ்சியோடு வந்தது. சாரம் இடுப்பில் நிற்கவில்லை. முழங்கைக்குக் கீழே தோலுக்குள் சிற்றெறும்புகள் ஊர்ந்தன. நகத்தால் கீறி அவற்றை வெளியே எடுக்கப் பார்த்த இடங்களில் புண் பொருக்கு விட்டிருந்தது. கையில் எடுத்த வேலையைக் கை விடாது. றேடியோவைக் கழற்றினான், பூட்டினான், மறுபடி கழற்றினான். இப்போது வேலி.

அடுத்த காலை இன்னும் இரண்டு முடிச்சுகள் அந்தப் பக்கம் போயிருந்தன.

ஈர்க்கை விலக்கி அவற்றை நெடுநேரம் பார்த்தான். ஊரில் யாரும் வேலிக்குப் போடாத முடிச்சு அது. பாரத்தின்மேல் படங்குச் சீலை இழுத்துக் கட்டும் லொறிக்காரன் முடிச்சு. ஒரு கண் எடுத்து, முறுக்கி, வாலை இடப்பக்கம் செருகுவது. சோமசேகரம் மட்டுமே வேலிக்கு அப்படிக் கட்டுவான். உவன் என்ரை முடிச்சையும் பாத்துப் பழகியிருக்கிறான் என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வேலிக்கு அப்பால் வாழைச் சருகு நொறுங்கியது.

“என்ன சேகரம் அண்ணை, வேலியோடை குடும்பம் நடத்துறியளோ?” தியாகராசாவின் குரல். “மெய்யே, அந்த அக்கா பாவம். மனிசியையும் ஒருக்காத் திரும்பிப் பாருங்கோவன்.”

“நீ ஏன் இஞ்சை நிக்கிறாய்?”

“என்ரை தோட்டத்திலை நான் நிக்காமல் வேறை ஆர் நிக்கிறது?” தியாகராசா சிரித்தான். கொழுத்த, நித்திரை கொண்டெழுந்த சிரிப்பு. “கப்பல் வாழைக்குலை ஒண்டு வெட்டினனான். அக்காட்டைக் குடுத்துவிடுறன்.”

நித்திரை கொண்டெழுந்த அந்தக் குரலைக் கேட்கச் சோமசேகரத்துக்குத் தாங்கவில்லை. மற்றவர்கள் பாயில் விழுந்து கண்ணை மூடி விடியும்வரை இல்லாமல் போய்விடுகிறார்கள். அந்த நித்திரை அவனுக்குப் பூட்டிய வீடு. தியாகராசா அந்த வீட்டுக்குள் போய்வந்து, அவனுடைய வீட்டுக்குள்ளும் போய்வருகிறான். அக்காவாம். அந்தச் சொல்லை அவன் எப்படி நீட்டினான்!

வாழைக்குலை வந்தது. சோமசேகரம் அதைக் கிணற்றுக்குள் போட்டான்.

அன்று இராசமலர் அழவில்லை. விறாந்தையில் அவனுக்கு எதிரே இருந்து, மெதுவாகக் கதைத்தாள். ஒரு குளிசையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி அப்போதிக்கரியிடம் காட்டியிருந்தாள்.

“உதுக்குப் பேர் மெதம்பெற்றமினாம். உள்ளுக்கை இருக்கிறதெல்லாத்தையும் எரிச்சுப்போடுமாம். பல்லுக் கொட்டுமாம். இருதயம் ஒருநாள் அப்பிடியே நிண்டிடுமாம். இல்லாத சத்தம் கேக்குமாம், இல்லாத ஆக்கள் தெரியுமாம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “பெண்சாதியிலை சந்தேகமும் வருமாம்.”

“ஓ. அவரும் உன்னோடை இருந்து கதைக்கிறவரோ?”

இராசமலர் சட்டென்று சிரித்துவிட்டாள். பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலேயே உடைந்தது. “அந்தக் கிழவனுக்குக் காதும் கேளாது, கண்ணும் தெரியாது. அவரையுமே சந்தேகப்படுறியளப்பா?”

அவனுடைய தாடை இறுகியது. பல் அரைபட்டது.

“கேளுங்கோ. நான் அச்சுவேலிக்கு, அக்கா வீட்டை போகப்போறன். எனக்குப் பயமாக்கிடக்கு. உங்கடை கண்ணைப் பாக்கவே பயமாக்கிடக்கு. ஒரு இரவு, ஒரேயொரு இரவு உதைப் போடாமல் என்ரை பக்கத்திலை படுத்து நித்திரை கொண்டு காட்டுங்கோ. நான் போகேல்லை. இல்லாட்டி விடியப் பஸ் எடுத்திடுவன்.”

“படுக்கிறன்,” என்றான். அவள் போய்விட்டால் அவனுக்கு ஒன்றுமே மிஞ்சாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

படுத்தான். படுக்குமுன் நாக்குக்கு அடியில் ஒன்று வைத்துக்கொண்டுதான் படுத்தான். அவள் மூச்சு ஆறியதும் எழுந்து, பாய் சரசரக்காமல் வெளியே வந்து, கிணற்றடியில் துலாக்காலின் நிழலுக்குள் குந்தினான். வருகிறவனைப் பிடிக்க வேண்டும். நிலவு வேலியின்மேல் சாம்பலைப் போலப் படிந்திருந்தது. ஓலையின் புழுங்கல் வாசமும், கிணற்றுக்குள் ஊறும் வாழைக்குலையின் பச்சை வாசமும் கலந்து வந்தன. வேலி அசையவில்லை. ஆனால் எங்கிருந்தோ குறட்டை கேட்டது. ஆழமாக, நிறைவாக, ஒரே அளவாக. தியாகராசாதான் என்று நினைத்தான். கொடுத்துவைத்தவன் என்று நினைத்தான். கிழக்கு வெளுக்கும்வரை அந்தக் குறட்டையைப் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

இராசமலர் முற்றம் கூட்ட வந்தாள். அவனைக் கண்டதும் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“எழும்பி வந்திட்டியளோ? தேத்தண்ணி போடுறன்.” அருகில் வந்து, கூச்சத்தோடு குரலைத் தாழ்த்தினாள். “இரவுதான் மனிசரைப்போலை நித்திரை கொண்டனீங்கள். என்ன குறட்டை! கையை என்ரை மேலை போட்டபடி, ஒருக்காக்கூடப் புரளேல்லை. எவ்வளவு நாளைக்குப் பிறகு.”

அவன் அவளைப் பார்த்தான்.

“நான் அக்கா வீட்டை போகேல்லை,” என்றாள். “சொன்ன சொல்லைக் காப்பாத்திப்போட்டியள்.”

அறைக்குள் போனான். பாய் சுருட்டப்படாமல் கிடந்தது. இரண்டு தலையணை. அவனுடையதில் ஒரு தலை அழுந்திய குழி. குனிந்து உள்ளங்கையை வைத்தான்.

சூடு.

முகர்ந்தான். தேங்காயெண்ணெய், வியர்வை. தன்னுடைய வாசம்தான், ஆனால் பழைய வாசம். குளிசைக்கு முந்தியது.

குசினியில் அவள் மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள். ‘அது நானில்லை’ என்று போய்ச் சொல்லலாம். சொன்னால் அவள் பஸ் ஏறிவிடுவாள். சொல்லாவிட்டால் அவளை அந்த வந்துபோனவனுக்கே கொடுத்ததாகிவிடும். அவன் யாரோ. இரவு முழுக்க அவள்மேல் கையைப் போட்டுக்கொண்டு கிடந்தவன். விடிய வெள்ளணையே எழுந்து, வந்த வழியால் போனவன்.

சோமசேகரம் கோடிப்பக்கம் ஓடினான். நடு வரிச்சு முழுவதும் வெறுமை. ஒரு முடிச்சுக்கூட இந்தப் பக்கம் இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பொழுது சாயும் நேரத்தில் இராசமலர் கோயிலுக்குப் போனாள். “பூசை முடிய வந்திடுவன். எங்கையும் போகாதையுங்கோ,” என்று வாசற் படலையில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பார்வையின் பரிவு தனக்குரியது அல்ல, இரவு படுத்தவனுக்குரியது என்று அவன் நினைத்தான். அவள் திரும்புமுன் வேலியை அடைத்துவிட வேண்டும். ஈர்க்கு நுழையாத அடைப்பு. குளிசை இரண்டை ஒன்றாகப் போட்டுக்கொண்டான். நெஞ்சு பறை மாதிரி அடித்தது. பழைய கயிற்றை முழுக்க அறுத்தெறிந்தான். புதிய கயிறு. குத்தூசி.

உதவிக்கு ஆள் கூப்பிட முடியாது. யாரைக் கூப்பிடுவது, தியாகராசாவையா? ஊசியைக் குத்திவிட்டு, குறுகிய ஒழுங்கைப் பாதையால் சுற்றி அந்தப் பக்கம் போய், இழுத்துத் திரும்பக் குத்திவிட்டு, மறுபடி சுற்றி வரவேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் அப்படி. பரவாயில்லை. கை அலுக்காது.

முதல் குத்து. ஊசி ஓலைக்குள் புகுந்து மறைந்தது. அவன் சுற்றிப்போகத் திரும்பினான்.

கயிறு இழுபட்டது.

அவன் நின்றான்.

அந்தப் பக்கம் வரிச்சில் கயிறு உரசும் சத்தம் கேட்டது. பிறகு, சரியான இடைவெளி விட்டு, ஓலையைப் பிளந்துகொண்டு ஊசி திரும்பி வந்தது.

“தியாகராசா?”

பதிலுக்கு வரிச்சில் இரண்டு தட்டு. லொறிப் பெட்டியில் இரண்டு தட்டினால், போகலாம். ஒன்று தட்டினால், நில்.

அவன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். நிறுத்தியிருக்கலாம். ஆனால் எடுத்த வேலையைக் கை விடவில்லை. அடைத்தே ஆகவேண்டும் என்ற வெறியும் விடவில்லை. குத்தினான். வந்தது. குத்தினான். வந்தது. இப்படி ஒரு துணையோடு அவன் ஒருநாளும் வேலி அடைத்ததில்லை. எங்கே வேண்டுமென்று நினைத்தானோ அங்கேயே ஊசி வந்தது. எந்த அளவுக்குத் தளர்த்த வேண்டுமோ அந்த அளவுக்கே கயிறு தளர்ந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஊர் முழுக்க மின்சாரம் இல்லை. தூரத்தில் கோயில் மணி. ஒழுங்கை முனையில் தியாகராசா யாரோடோ சத்தமாகப் பகிடி விட்டுச் சிரித்தான்.

ஒழுங்கை முனையில்.

அப்படியானால் இது?

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. காதை ஓலையில் வைத்தான். மூச்சு. சீரான மூச்சு. அவசரமில்லாத மூச்சு. பல் அரைபடும் சத்தம் மட்டும் இந்தப் பக்கம்.

ஊசி வந்தது. இந்தத் தடவை அவன் நெஞ்சுக்கு நேரே. சட்டையில் முட்டி நின்றது.

பின்வாங்கினான். கால் ஈரத்தில் புதைந்தது.

முற்றத்தில் ஈரம் இல்லை. காலையில் கூட்டிய மணல் அங்கே. காலை எடுத்துப் பார்த்தான். சேறு. வாய்க்கால் சேறு. கையை நீட்டினான். வழுவழுப்பான தண்டு. வாழை. அதற்கப்பால் வாழை. அதற்கப்பாலும் வாழை. தலைக்குமேல் கிழிந்த இலைகள் கறுப்பாக அசைந்தன.

அவன் எப்போது சுற்றி வந்தான்?

வரிச்சைத் தடவினான். ஒரு முடிச்சும் இல்லை. எல்லாம் அந்தப் பக்கம், வீட்டுப் பக்கம்.

படலை கிரீச்சிட்டது. வீட்டில் விளக்கு ஏறியது. மிஞ்சியிருந்த ஒரேயொரு பொட்டு, கை அகலம். அதில் கண்ணை வைத்தான். இராசமலர். கையில் விபூதி.

“இஞ்சேருங்கோ! எங்கை நிக்கிறியள்?”

அவன் வாயைத் திறந்தான். தாடை திறக்கவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.

“ஓம், வாறன்,” என்றது அவனுடைய குரல்.

கிணற்றடியிலிருந்து ஒருவன் நடந்து விளக்கு வெளிச்சத்துக்குள் போனான். அவனுடைய நீலச் சாரம். இடுப்பில் சரியாக நின்றது. கன்னம் நிறைந்திருந்தது. கையில் புண் இல்லை. இராசமலர் எம்பி நின்று, பெருவிரலால் அவன் நெற்றியில் விபூதி பூசினாள். கண்ணில் விழாமல் மற்றக் கையால் மறைத்துக்கொண்டு. அவன் கொட்டாவி விட்டான். நீளமான, நிறைவான கொட்டாவி. அதைக் கண்டு அவள் சிரித்தாள்.

அப்படி அவள் சிரித்து எவ்வளவு காலம்.

சோமசேகரம் பொட்டுக்குள் விரல்களை நுழைத்தான். மலர். மலர். வந்தது பல் அரைபடும் சத்தம் மட்டும்.

அவள் திரும்பினாள். “வேலிக்கங்காலை என்னவோ அரைக்கிற சத்தம் கேக்குதப்பா.”

“எலியாயிருக்கும்,” என்றான் அவன். “ஒரு பொட்டு மிஞ்சிப்போச்சுது. அடைச்சுப்போட்டு வாறன்.”

“இந்த இருட்டிலை தனியவோ?”

“தனிய எங்கை? அந்தப் பக்கம் ஆள் நிக்குது.”

நடந்து வந்தான். மணலில் காலடி. அருகே. இன்னும் அருகே. பொட்டு இருண்டது. ஊசி ஓலையைப் பிளந்துகொண்டு வந்து சோமசேகரத்தின் கைக்கு முன்னால் நின்றது.

வேண்டாம்.

கை எடுத்தது. கயிற்றை இழுத்தது. வரிச்சைச் சுற்றியது. சரியான இடைவெளி விட்டு, திரும்பக் குத்தியது.

அந்தப் பக்கம் ஒரு முழங்கால் வேலியில் ஊன்றியது. கயிறு இறுகியது. கிடுகு கிடுகோடு நெருங்கி, வெளிச்சத்தின் கடைசி ஈர்க்கும் அணைந்தது.

முடிச்சு அந்தப் பக்கம் விழுந்தது.